சூதானம்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

அம்பைப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலை சென்னையில். போன வாரம் நடந்த ஒரு விஷயத்தால்தான் இந்தக் கேள்வி. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்ணுக்கு ஊர் வேலூர். வாடிக்கையாளருக்கு ஒரு கோப்பு அனுப்பப் போனாள். உள்ளே எல்லாம் தொகைக் கணக்கு, ஒரு எண் மாறினாலும் வம்பு. அதனால் நான், "ஒரு தடவை பாத்துட்டுச் சூதானமா அனுப்பும்மா" என்றேன். அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது வந்து, "அக்கா, நான் என்ன சூது பண்ணிட்டேன், அப்படிச் சொல்லிட்டீங்க?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தச் சொல்லுக்குள் சூது இருப்பதாக இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

எனக்கு அது அம்மாவின் சொல். ஒவ்வொரு தடவையும் ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பேருந்து நிலையம் வரைக்கும் வருவாள். கருப்பட்டியும் முறுக்கும் போட்ட மஞ்சப்பையை என் மடியில் வைத்துவிட்டு இறங்குவாள், வண்டி நகர ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நாலு எட்டு கூட நடந்து, "சூதானமா போட்டி, பையச் சூதானமா பாத்துக்கோ" என்பாள். "கவனமா போ" என்று அவள் சொல்லிக் கேட்டதே இல்லை.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்தச் சொல்லுக்கும் சூதுக்கும் சம்பந்தம் உண்டா, எங்கிருந்து வந்தது, கவனம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். நம்ம பக்கம் தவிர வேறு எங்கே சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேலப்பாளையத்தான்:

நல்ல கேள்வி. மதுரை, விருதுநகர், ராமநாதபுரம் வரைக்கும் இந்தச் சொல் ஓடுகிறது, அங்கெல்லாம் நானே காதால் கேட்டிருக்கிறேன். பொருள் எனக்குத் தெரிந்து நேரடியானது. சூது + ஆனம். உலகத்தில் சூது வாது இருக்கிறது, அதைத் தெரிந்து நடந்துகொள் என்பதுதான் சூதானம். பெரியவர்கள் "சூதுவாது தெரியாத பிள்ளை" என்று சொல்வதும் இதனோடு சேர்ந்ததுதானே? சூது தெரிந்தவன் ஏமாற மாட்டான். வேலூர்ப் பெண் பாதி சரியாகத்தான் பிடித்திருக்கிறாள், மீதியை நீங்கள் விளக்கிச் சொல்லிவிடலாம்.

---

பாளைத் தமிழாசிரியர் (ஓய்வு):

மேலப்பாளையத்துத் தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சொல் அப்படி உருவாகவில்லை. சூது என்பது தமிழில் முதலில் சூதாட்டம், பிறகுதான் வஞ்சகம். குறளில் 94-ஆம் அதிகாரமே சூது, அதில் பகடை உருட்டித் தோற்கிறவனைத்தான் வள்ளுவர் கண்டிக்கிறார். அந்தச் சூதோடு "ஆனம்" என்று ஒன்று ஒட்டி, விழிப்பு என்று பொருள் வர வேண்டுமானால், அதே மாதிரி இன்னும் நாலு சொல்லாவது மொழியில் இருக்க வேண்டும். வாது உண்டு, வாதானம் கிடையாது. களவு உண்டு, களவானம் கிடையாது. ஒரே ஒரு சொல்லுக்காக ஒரு விகுதி பிறக்காது.

சொல்லைப் பிரிக்கிற இடம் தவறிவிட்டது. "தானம்" என்று முடிகிற சொற்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். அவதானம், சமாதானம், பிரதானம். மூன்றும் வடமொழியில் "தா" என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை, அதற்கு வைத்தல் என்று பொருள். (கொடுக்கிற தானம் வேறு வேர், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சேர்த்து வைத்தால் சமாதானம், முன்னால் வைத்தால் பிரதானம், மனதை ஒன்றின் மேல் வைத்தால் அவதானம். அந்த அவதானத்தோடு கூடியிருப்பது ச + அவதானம், அதாவது சாவதானம். அதுதான் நம் வாயில் சூதானம் ஆயிற்று.

சாவதானம் எப்படிச் சூதானம் ஆகும் என்று கேட்பீர்கள். நம் ஊர்ப் பேச்சில் "வ" எழுத்து என்ன பாடுபடுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். கவனி என்பதைக் கவுனி என்கிறோம், அவசரம் அவுசரம் ஆகிறது, தவறு தவுறு ஆகிறது. அதே வழியில் சாவதானம் சாவுதானம், சவுதானம் என்று குறுகி, அப்புறம் அந்த "அவு" ஒரே நெடிலாகச் சுருண்டுவிட்டது. எனக்கு இன்னொன்றும் தோன்றும். கிளம்புகிற பிள்ளையிடம் "போறேன்னு சொல்லாத, போயிட்டு வாறேன்னு சொல்லு" என்று திருத்துகிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட வீட்டு வாசலில் நின்றுகொண்டு "சாவு" என்று தொடங்குகிற ஒரு சொல்லை எந்தத் தாயாவது சொல்வாளா? அந்தச் சத்தம் வாயிலிருந்து சீக்கிரமே கழன்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிய ஆச்சரியம், அந்தச் சாவதானம் தமிழில் இன்னும் தனியாக உயிரோடு இருப்பதும் பொருள் மாறிப்போய் இருப்பதும்தான். "ஊரே பதறிக் கிடக்கு, இவன் சாவதானமா வந்து நிக்கான்" என்றால் மெதுவாக, ஆற அமர என்று பொருள். ஆனால் நான் பள்ளியில் என்.சி.சி. பொறுப்பும் பார்த்தவன். பாளையங்கோட்டை மைதானத்தில் காலை வெயிலில் பிள்ளைகளை நிறுத்தி "சாவ்தான்!" என்று ஒரு குரல் கொடுத்தால் இருநூறு குதிகால்கள் ஒரே சமயத்தில் அடித்துச் சேரும், "விஷ்ராம்" சொல்லும் வரைக்கும் ஈ மொய்த்தால்கூட ஒருவன் கை தூக்க மாட்டான். அது இந்திக்காரர்கள் வாய்வழி வந்த அதே சாவதானம். பழைய பொருள் அங்கே அப்படியே இருக்கிறது. ஆக ஒரே சொல் மைதானத்தில் விறைத்து நிற்கிறது, எழுத்துத் தமிழில் சோம்பலாகச் சாய்ந்து கிடக்கிறது, நம் வீட்டு வாசலில் சூதானமாகப் பேருந்து ஏற்றிவிடுகிறது.

மெதுவாக என்ற பொருள் எப்படி வந்தது என்பதற்கு நம் "பைய" இருக்கிறதே, அதைப் பாருங்கள். "பையப் போ" என்றால் மெதுவாகப் போ என்பதும் பார்த்துப் போ என்பதும் ஒன்றாகத்தான் அதில் இருக்கின்றன. பார்த்துச் செய்கிறவன் மெதுவாகத்தான் செய்வான். (இந்தப் பைய, குறளில் 1098-ஆம் பாட்டில் "பைய நகும்" என்று வருகிற அதே சொல். வெளியூர்க்காரர்கள் நம்மைக் கேலி செய்கிற சொல்லுக்கு இவ்வளவு வயது.)

---

தேரிக்காட்டுப் பேரன்:

ஆசிரியர் ஐயா சொன்னது வேர். நான் புழக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல்லை நான் கற்றுக்கொண்டது ஒரு பனை மரத்தடியில்.

உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். (தூத்துக்குடி மாவட்டம் 1986-இலேயே தனியாகப் போய்விட்டது, ஆனாலும் வீட்டில் இன்றும் நாங்கள் திருநெல்வேலிச் சீமைதான்.) தாத்தா பனையேறி. விடியுமுன்னே கிளம்பிவிடுவார். காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அரிவாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடிக்கிற நேரத்தில் ஆச்சி பக்கத்தில் வந்து நின்று, சத்தமே இல்லாமல், "சூதானம்" என்பாள். ஒரே ஒரு தடவை. கால் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராது. எங்களையும் பேச விடமாட்டாள். பாதி மரத்தில் இருக்கிறவனைக் கீழேயிருந்து கூப்பிட்டால் அவன் குனிந்து பார்ப்பான், பார்த்தால் பிடி தளரும். "ஜாக்கிரதை!" என்று கத்துவதற்கும் சூதானம் என்று சொல்லுவதற்கும் எங்கள் வீட்டில் இவ்வளவு தூரம் உண்டு. ஆபத்தை நேரில் கண்ட பிறகு போடுகிற சத்தம் ஜாக்கிரதை. ஏறுமுன் கையில் கொடுத்து அனுப்புகிறது சூதானம்.

இன்னொரு இடத்திலும் தாத்தா இதைச் சொல்லுவார். பாளையைச் சீவுவது. நுனியில் வெற்றிலை கனத்துக்கு மட்டும் அரிவாள் இறங்க வேண்டும். கனம் கூடினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், குறைந்தால் பழைய வெட்டு மூடியே கிடக்கும், பதநீர் சொட்டாது. அதுவும் எங்கே உட்கார்ந்துகொண்டு? மரத்து உச்சியில் மட்டைகளுக்கு நடுவே, ஒரு கை மட்டையைப் பிடித்திருக்க, மறு கையால். "சூதானமா சீவணும்ல, அவசரப்பட்டா பாளையும் போச்சு, வெரலும் போச்சு" என்பார். அங்கே அது பயம் மட்டும் இல்லை. கண், கை, மூச்சு எல்லாம் அந்த அரிவாள் நுனிக்கு வந்துவிடுவதைச் சொல்கிறார். ஆசிரியர் சொன்ன "மனதை ஒன்றின் மேல் வைத்தல்" என்பதைப் படித்ததும் எனக்கு அந்த நுனிதான் கண்ணில் வந்தது.

இதோடு எங்கள் பக்கம் "கருக்கடை" என்று ஒரு சொல்லும் உண்டு. "புள்ள கருக்கடையா படிக்கான்" என்றால் கண்ணும் கருத்துமாக, கூர்மையாக. பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்குமே, அது கருக்கு. தொட்டுப் பார்த்தவனுக்கு அந்தச் சொல்லில் கூர்மை எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

---

மேலப்பாளையத்தான்:

ஆசிரியரே, சூது இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், வாதானம் களவானம் கேட்டதும் புரிந்துவிட்டது. ஆனால் மனசுக்கு ஒரு வருத்தம். இதையாவது நம் மண்ணின் சொல் என்று நினைத்திருந்தேன், அதுவும் வடமொழி என்றால் நம்மிடம் கவனத்துக்கென்று சொந்தமாக ஒரு சொல்லும் இல்லையா?

---

பாளைத் தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, வருத்தப்பட ஒன்றும் இல்லை. வள்ளுவர் இதற்கென்றே ஒரு அதிகாரம் வைத்திருக்கிறார், 54-ஆவது, பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, அசட்டை, ஒரு மகிழ்ச்சியில் மிதந்து கடமையை விட்டுவிடுவது. அது இல்லாமல் இருப்பது பொச்சாவாமை. "அரியஎன்று ஆகாத இல்லைபொச் சாவாக் கருவியால் போற்றிச் செயின்" என்கிறார். மறவாமையைக் கருவி என்கிறார், கவனியுங்கள். தேரிக்காட்டுத் தம்பியின் தாத்தா கையில் இருந்த அரிவாள் மாதிரி, எடுத்துப் பயன்படுத்துகிற ஒன்று. அந்தச் சொல் பேச்சில் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் விழிப்பு, கருத்து, கண்ணும் கருத்தும், பார்த்து, பதனம் எல்லாம் இருக்கின்றனவே. "பாத்து இறங்குங்க" என்பதை நாம் தினம் எத்தனை தடவை சொல்கிறோம்.

சூதானமும் நம் சொல்தான். வடக்கே யாரிடமாவது போய்ச் சூதானம் என்று சொல்லிப் பாருங்கள், ஒருவருக்கும் விளங்காது. வித்து எங்கிருந்து வந்தாலும் செடி தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தது.

---

இலங்கை வானொலி நேயர், திருச்செந்தூர்:

அவதானம் என்று வந்ததால் நானும் இரண்டு விஷயம் சொல்கிறேன். எங்கள் கடற்கரையில் அந்தக் காலத்தில் சென்னை வானொலியை விட இலங்கை வானொலிதான் தெளிவாக எடுக்கும். அங்கே இன்றைக்கும் "அவதானமாக இருக்கவும்", "அவதானித்தேன்" என்பதெல்லாம் சாதாரணப் பேச்சு. நாம் சாவதானத்தைச் சுருக்கி வைத்துக்கொண்டோம், அவர்கள் அவதானத்தை முழுசாக வைத்துக்கொண்டார்கள். சிறு வயதில் நான் இரண்டும் வேறு வேறு சொல் என்றே நினைத்திருந்தேன்.

நம் பக்கத்தில் அவதானம் என்றால் ஒரு கலை. அட்டாவதானம் எட்டு, சதாவதானம் நூறு. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடிக்காரர் செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டிப் பட்டம் பெற்றவர். இந்தக் கலை எப்படி நடக்கும் என்றால், ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் இடையிடையே மணியை அடிப்பார், இன்னொருவர் பின்னால் நின்றுகொண்டு முதுகில் நெல்லோ கல்லோ எறிந்துகொண்டே இருப்பார். இத்தனைக்கும் நடுவில் பாட்டைக் கட்டி முடித்து, மணி எத்தனை அடித்தது, முதுகில் எத்தனை விழுந்தது என்று கடைசியில் சரியாகச் சொல்ல வேண்டும். ஒன்றின் மேல் மனதை வைப்பதே நமக்குப் பெரும்பாடு. அவர் ஒரே சமயத்தில் நூறு இடத்தில் வைத்தார்.

கவனம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தெலுங்கில் கவனிப்பதற்குக் கமனிஞ்சு, கன்னடத்தில் கமனிசு, மலையாளத்தில் கௌனிக்குக. நாலும் ஒரே குடும்பமாகத்தான் எனக்குப் படுகிறது. வடமொழியில் கமனம் என்றால் போதல், அதோடு சேர்த்துப் பார்த்தால் மனம் போகிற இடம் கவனம் என்று பொருத்தமாக வருகிறது. "மனசு பாடத்துல போகல" என்று நாம் சொல்வதும் அதுதானே. ஆக கவனத்தில் மனசு போகிறது, அவதானத்தில் மனசைக் கொண்டுபோய் வைக்கிறோம். கேட்ட வித்தியாசம் இங்கேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

---

கடையத்து மதினி:

எல்லாரும் எழுதியதைப் பீடி சுற்றி முடித்துவிட்டு உட்கார்ந்து படித்தேன். என் பங்குக்குப் பராக்கு. நாடகத்தில் ராஜா வரும்போது "பராக், பராக்" என்று கட்டியக்காரன் கூவுவான், எல்லாரும் விலகி நின்று மரியாதையாகப் பார்க்க வேண்டும். அதே பராக்கை எங்கள் அம்மா, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் தெருவை வேடிக்கை பார்த்தால், "பராக்கு பாக்காத, எல வெட்டு" என்பாள். ஒரே சத்தம், ஒரு இடத்தில் கவனி என்கிறது, இன்னொரு இடத்தில் கவனம் இல்லாததைச் சொல்கிறது. ஆசிரியர் ஐயா இதைச் சொல்ல வேண்டும்.

---

பாளைத் தமிழாசிரியர் (ஓய்வு):

நல்ல இடத்தைப் பிடித்தீர்கள் அம்மா. வடமொழியில் பராக் என்றால் அப்பால், வெளிப்பக்கமாகத் திரும்பியது. கட்டியக்காரன் சொல்கிறபோது ஆள் அப்பால் விலகுகிறான், பிள்ளை பராக்குப் பார்க்கிறபோது மனசு அப்பால் போகிறது. இரண்டிலும் அப்பால்தான். கட்டியத்தில் அதோடு சேர்ந்து வருகிற எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் எச்சர என்றால் தூங்காமல் விழித்திருப்பது. ஜாக்கிரதைக்கும் அதே அடிப்படை, ஜாக்ரத் என்றால் விழித்திருக்கிற நிலை. உஷார் மட்டும் பாரசீகத்து ஹோஷியார், ஹோஷ் என்பது சுயநினைவு. எத்தனை மொழியில் சொன்னாலும் முதலில் தூங்காதே என்கிறார்கள். சூதானம் மட்டும் தூங்காதவனிடம் சொல்கிற சொல்.

---

அம்பைப் பொண்ணு:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, "நீ ஏம்மா கவனமா போன்னு சொல்ல மாட்டேங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கவனமா படின்னு சொல்லிருக்கேன்லா?" என்றாள். ஆமாம், சொல்லியிருக்கிறாள். படிப்புக்குச் சூதானம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, வழிக்குக் கவனம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது. ஆற்றுப் படித்துறையில் கடைசி இரண்டு படி எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும். ஆச்சி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, பெருவிரலால் முதலில் தடவிப் பார்த்து, அப்புறம்தான் குதிகாலை ஊன்றுவாள். ஒவ்வொரு படிக்கும் "சூதானம்... சூதானம்..." என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொள்வாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் அந்தச் சத்தம் நின்றுவிடும், "வாட்டி" என்று என்னைக் கூப்பிடுவாள்.

வேலூர்ப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாவ்தான் என்றதும் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது, அவளும் பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவளாம். "உங்க வீட்டில் என்ன சொல்லி அனுப்புவாங்க?" என்று கேட்டேன், "பத்திரமா போய்ட்டு வா" என்பார்களாம். இன்று சாயங்காலம் அவள் முதலில் கிளம்பினாள், வாசலில் திரும்பி நின்று, "அக்கா, சூதானமா வீட்டுக்குப் போங்க" என்றாள். பத்திரம் பற்றித் தனியாக ஒரு கேள்வி போடட்டுமா ஐயா?

---

பாளைத் தமிழாசிரியர் (ஓய்வு):

போடும்மா. அதில் இரண்டு சொல் ஒரே எழுத்தில் வந்து கலந்து கிடக்கின்றன, நலம் என்கிற பத்ர ஒன்று, இலை, ஓலை, ஏடு என்கிற பத்ர இன்னொன்று. வடமொழியில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் பத்திரம். வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வை என்று நாம் சொல்கிறபோது இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். நாளை காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.